கேட்பதில் குறை: பெயருக்கு முன் அளவுகோல் வேண்டும்

ஒலி புகாத அறையில் ஒருவரின் காதுக்கு எட்டக்கூடிய மிக மெல்லிய தொனி எது என்பதை அலைவெண் வாரியாக அளந்து வரைபடமாகத் தருவது ஆடியோகிராம் எனப்படும் கேட்புமானிச் சோதனை. அந்த வரைபடம் இயல்பான எல்லைக்குள் இருந்தும், இரைச்சலான வகுப்பறையில் ஆசிரியரின் பேச்சைப் பிரித்தறிய முடியாமலும், வேகமாகச் சொல்லப்படும் கட்டளைகளைத் தவறவிட்டும், ஒலியால் நெருங்கிய சொற்களை ஒன்றை மற்றொன்றாகக் கொண்டும் தடுமாறும் குழந்தைகள் உள்ளனர். தலைக்காயத்துக்கோ பக்கவாதத்துக்கோ பிறகு இதே இடர்ப்பாட்டுக்கு ஆளாகும் பெரியவர்களும் உள்ளனர். காதிலிருந்து புறப்படும் நரம்புச் செய்தியை மூளைத்தண்டும் பெருமூளைப் புறணியும் கையாளும் முறையில் நேரும் இத்தகைய பிறழ்வையே மையக் கேட்புச் செயலாக்கக் குறைபாடு என்கின்றனர் கேட்பியல் வல்லுநர்கள்.

இதற்கு ஏறத்தாழ 70 ஆண்டு ஆய்வு வரலாறு உண்டு. ஆயினும், யாருக்கு இந்தக் குறைபாடு உள்ளது என்று தீர்மானிப்பதற்கான அளவுகோலில் வல்லுநர்களிடையே இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை. ஒரு மருத்துவமனையில் இந்த நோய்ப்பெயரைப் பெறும் குழந்தை, வேறொரு வரையறையைப் பின்பற்றும் மருத்துவமனையில் இயல்பான குழந்தையாகக் கருதப்படலாம் என்பதால், இது ஆய்விதழ்களோடு முடிந்துபோகும் கருத்து வேற்றுமையாக இல்லை. இத்தனை சோதனைகளில் தோல்வி என்று எண்ணிக்கை பார்த்துப் பெயர் சூட்டும் வழக்கமே இக்குழப்பத்தின் முதற்காரணம் என்பதையும், ஒரே நபரின் இருவேறு திறன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எந்தப் பணி பழுதுபட்டுள்ளது என்று காட்டும் முறையே நம்பத்தக்கது என்பதையும் இத்துறையின் வரலாறே உணர்த்துகிறது.

இரண்டு வேர்கள்

இத்துறைக்கு 1954ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. இத்தாலியைச் சேர்ந்த போக்கா, கலேயாரோ, கஸ்ஸினாரி ஆகியோர், பொட்டு மடலில் கட்டி இருந்த நோயாளிகளுக்குக் கேட்புமானிச் சோதனை இயல்பான முடிவையே தருவதைக் கண்டு, உயர் அலைவெண்கள் வடிகட்டி நீக்கப்பட்ட பேச்சை அவர்களுக்குக் கேட்கச் செய்தனர். கட்டி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் அப்பேச்சை உணரும் திறன் குறைந்திருந்தது. இயல்பான பேச்சில் தேவைக்கு மிஞ்சிய தகவல் நிறைந்திருப்பதால் பழுதுபட்ட மூளையும் அதைச் சமாளித்துவிடும் என்பதும், அந்த மிகைத்தகவலைக் குறைத்தால்தான் பழுது வெளிப்படும் என்பதும் அவர்களின் ஆய்விலிருந்து பிறந்த கொள்கைகள். இன்று வழக்கிலுள்ள சோதனைகளில் பெரும்பாலானவை இக்கொள்கைகளின் வழிவந்தவை.

அதே ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஹெல்மர் மைக்கிள்பஸ்ட், குழந்தைகளின் கேட்புக் கோளாறுகளைப் பற்றிய தம் நூலில், காதில் குறையின்றியும் கேட்டதைப் புரிந்துகொள்ளத் தவறும் குழந்தைகளைத் தனியே இனங்காண வேண்டும் என்று வலியுறுத்தினார். இவ்விரு வேர்களும் பின்னாளில் ஒன்றாகப் பின்னிக்கொண்டன; சிக்கலும் அங்கேயே தொடங்கியது. பெரியவர்களின் மூளைப் பழுது எங்கே உள்ளது என்பதை அறுவை சிகிச்சையாலும் மூளையைப் படமெடுப்பதாலும் உறுதி செய்ய முடியும். சோதனையின் முடிவு சரியா, தவறா என்பதை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். கற்பதில் பின்தங்கும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோரின் மூளையில் அவ்வாறு சுட்டிக்காட்டத்தக்க புண் எதுவும் இல்லை. புண்ணைக் கண்டுபிடிக்க வகுக்கப்பட்ட கருவிகள், புண்ணில்லாத குழந்தைகளுக்குப் பயன்படுத்தப்பட்டபோது, முடிவைச் சரிபார்க்கும் உரைகல் இல்லாமல் போயிற்று.

சோதனைகள் அளப்பவை

அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்பியல் சங்கம் 2005இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை, மையக் கேட்புச் செயலாக்கம் என்ற தலைப்பின்கீழ் பல திறன்களைத் தொகுத்தது. ஒலி வரும் திசையை அறிதல், ஒலிகளுக்கிடையே வேறுபாடு காணுதல், ஒலிக் கோலங்களை இனங்காணுதல், ஒலியின் காலக்கூறுகளை உணர்தல், போட்டியிடும் ஒலிகளுக்கிடையே ஒன்றைப் பற்றிக்கொள்ளுதல், சிதைந்த ஒலியிலிருந்து பொருள் பெறுதல் ஆகியவை அவை. இத்திறன்களுக்கு அடிப்படையான நரம்புச் செயற்பாட்டில் நேரும் குறையாக இருக்க வேண்டும் என்பதும், மொழி, அறிவாற்றல் முதலிய உயர்நிலைக் காரணங்களின் விளைவாக இருத்தல் கூடாது என்பதும் அவ்வறிக்கையின் வரையறை.

இத்திறன்களை அளக்கும் சோதனைகளுள் மிகவும் பெயர்பெற்றது இருசெவிச் சோதனை. இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களையோ சொற்களையோ ஒலிக்கச் செய்து, கேட்டவற்றைத் திருப்பிச் சொல்லச் செய்வது இதன் முறை. மான்ட்ரியாலில் இம்முறையைக் கையாண்ட டோரீன் கிமுரா, பெரும்பாலோர் வலக்காதில் விழுந்தவற்றையே மிகுதியாகச் சரியாகச் சொல்கின்றனர் என்பதை 1961இல் வெளியிட்டார். இரு காதுகளும் போட்டியிடும்போது ஒவ்வொரு காதின் செய்தியும் எதிர்ப்பக்க அரைக்கோளத்துக்கே வலுவாகச் செல்கிறது. இடக்காதின் செய்தி முதலில் வல அரைக்கோளத்தை அடைந்து, கார்ப்பஸ் கலோசம் என்னும் நரம்பிணைப்பைக் கடந்த பிறகே பேச்சைக் கையாளும் இட அரைக்கோளத்துக்கு வந்துசேரும். வலிப்பு நோய் சிகிச்சைக்காக அந்த நரம்பிணைப்பு துண்டிக்கப்பட்டவர்கள், இடக்காதில் ஒலித்த சொற்களைப் பெரும்பாலும் சொல்ல இயலாதவர்களாக இருந்ததை 1968இல் வெளியான ஆய்வுகள் மெய்ப்பித்தன. குழந்தைகளில் இவ்விணைப்பு மெல்ல முதிர்வதால், இளம் வயதில் இடக்காதின் மதிப்பெண் குறைவாக இருப்பது இயல்பே. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இத்தகைய நடத்தைச் சோதனைகளை நடத்தி முடிவு கூறத் தயங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலக்கூறை அளக்கும் சோதனைகளில், தொடர்ந்து ஒலிக்கும் இரைச்சலின் நடுவே சில மில்லிவினாடி மட்டும் நீளும் இடைவெளியைக் கண்டுபிடிக்கச் செய்வது ஒருவகை. உயர்ந்தது, தாழ்ந்தது என இருவகைத் தொனிகளால் அமைந்த மூன்று தொனிக் கோலத்தைக் கேட்டு அதன் வரிசையைச் சொல்லச் செய்வது இன்னொரு வகை. இரண்டாவது சோதனையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கோலத்தைச் சொற்களால் விவரிக்க முடியாத ஒருவர், அதையே முணுமுணுத்துக் காட்டுவதில் வெற்றி பெற்றால், ஒலி வடிவத்தை அவருடைய மூளை உணர்ந்துவிட்டது என்றும், உணர்ந்ததை மொழிப்பகுதிக்குக் கொண்டுசெல்வதிலேயே தடை உள்ளது என்றும் ஊகிக்கலாம். நரம்பிணைப்பு துண்டிக்கப்பட்டவர்களிடம் ஃபிராங்க் மியூசிக்கும் அவருடைய குழுவினரும் 1980இல் கண்டது இதுவே. சொல்ல முடியவில்லை என்னும் தோல்வி தனித்து நின்றிருந்தால் எதையும் உணர்த்தியிராது. முணுமுணுக்க முடிந்தது என்னும் வெற்றி அருகில் நின்றதால்தான் அது பொருள் பெற்றது.

நடத்தைச் சோதனைகளுக்கு முன்பு விலக்கிப் பார்க்க வேண்டியவையும் உண்டு. நடுச்செவியில் நீர் கோத்திருத்தல், சிறு அளவிலான கேட்புக் குறை ஆகியவற்றைப் போலவே, செவிநரம்புப் பிறழ்வு என்னும் நிலையும் விலக்கப்பட வேண்டும். அந்நிலையில் உட்செவியின் மயிரணுக்கள் இயங்குவதைக் காட்டும் எதிரொலி உமிழ்வு பதிவாகும். ஆனால், செவிநரம்பிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் வர வேண்டிய மின் அலைகள் சிதைந்தோ இல்லாமலோ இருக்கும். மின்னியல் பதிவுகள் இதைப் பிரித்துக்காட்ட இன்றியமையாதவை; குழந்தையின் ஒத்துழைப்பைச் சாராதவை என்பது அவற்றின் கூடுதல் பயன்.

வகைப்பாடுகளின் பெருக்கம்

வகைப்படுத்தும் முயற்சிகளில் காரணத்தை அடிப்படையாகக் கொண்டவை ஒரு வகை. பிரித்தானியக் கேட்பியல் கழகம் 2011இல் வெளியிட்ட நிலைப்பாட்டறிக்கை, குழந்தைப் பருவத்திலேயே வெளிப்பட்டு வேறு காரணம் புலப்படாத வளர்ச்சிநிலைக் குறைபாடு, மூளைக்காயம் போன்ற நிகழ்வுகளுக்குப் பின் வந்துசேர்ந்த குறைபாடு, நாட்பட்ட நடுச்செவி நோய் உள்ளிட்ட காதுக்குறையின் விளைவாகத் தோன்றும் இரண்டாம்நிலைக் குறைபாடு என மூன்றாகப் பிரித்தது. நோயாளியின் வரலாற்றைக் கேட்டே பெரும்பாலும் முடிவு செய்யக்கூடியது என்பது இப்பகுப்பின் வலிமை. என்ன சிகிச்சை தேவை என்பதற்கு இது வழிகாட்டாது என்பது இதன் வரம்பு.

சோதனை முடிவுகளின் கோலத்தைக் கொண்டு வகைப்படுத்துவது இன்னொரு வகை. ஜாக் காட்ஸ் 1962இல் அறிமுகப்படுத்திய ஈரசைச் சொற்களின் சோதனையிலிருந்து வளர்ந்த ‘பஃபலோ’ மாதிரி, ஒலிகளை விரைந்து பிரித்தறிய இயலாமை, இரைச்சலைத் தாங்க இயலாமையும் குறுகிய நினைவும் இணைந்த நிலை, ஒருங்கிணைக்க இயலாமை, வரிசைப்படுத்த இயலாமை என நான்கு பிரிவுகளை முன்வைத்தது. டெரி பெல்லிஸ், ஜீனேன் ஃபெரே ஆகியோரின் மாதிரி, இட அரைக்கோளக் கேட்புப்புறணி, வல அரைக்கோளம், இரண்டையும் இணைக்கும் நரம்பிணைப்பு ஆகிய மூளைப்பகுதிகளோடு தொடர்புபடுத்தி மூன்று முதன்மைப் பிரிவுகளையும், மொழி, செயல்திட்டம் ஆகியவற்றின் எல்லையைத் தொடும் இரண்டு துணைப்பிரிவுகளையும் வகுத்தது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் விளக்கிச் சொல்ல இவை பேருதவியாக உள்ளன. ஆனால், புண்ணில்லாத குழந்தையின் மதிப்பெண் கோலத்திலிருந்து இன்ன மூளைப்பகுதிதான் பிழைபட்டது என்று முடிவுகட்டுவது, பெரியவர்களின் புண்களிலிருந்து பெறப்பட்ட ஒப்புமையே அன்றி நேரடியாக மெய்ப்பிக்கப்பட்ட உண்மை இல்லை என்பதை மறந்துவிடலாகாது.

7.3 முதல் 96 வரை

எத்தனை சோதனைகளில், எவ்வளவு தாழ்ந்தால் குறைபாடு என்பது அடுத்த வினா. அதே வயதுக் குழந்தைகளின் சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் தாழ்ந்த மதிப்பெண்ணை, குறைந்தது இரண்டு சோதனைகளில் பெற்றிருக்க வேண்டும் என்பது அமெரிக்க அமைப்புகளின் வழிகாட்டுதல்களில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. சராசரியைச் சுற்றி மதிப்பெண்கள் எந்த அளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அலகே திட்டவிலக்கம்; இயல்பான பரவலில் 100 பேருக்கு ஏறத்தாழ இருவர் மட்டுமே இரண்டு திட்டவிலக்கத்துக்குக் கீழே இருப்பர்.

ஒரே சோதனையைப் பொறுத்தவரை இது கடுமையான விதியாகத் தோன்றினாலும், சோதனைகளைப் பெருக்கினால் நிலை மாறுகிறது. ஐந்து சோதனைகளை இரு காதுகளிலும் தனித்தனியே நடத்திப் பத்து மதிப்பெண்கள் பெறப்படுவதாகவும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றும் கொண்டால், எக்குறையும் இல்லாத குழந்தை அவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது தற்செயலாகத் தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 21 விழுக்காடு. உண்மையில் இம்மதிப்பெண்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் அவ்வாய்ப்பு சற்றுக் குறையும். எனினும், அதிகம் சோதித்தால் அதிகம் தோல்வி கிடைக்கும் என்னும் அடிப்படை மாறாது.

அளவுகோலின் ஆதிக்கம் எவ்வளவு பெரியது என்பதை ஆஸ்திரேலியாவின் வேய்ன் வில்சன், வெண்டி ஆர்னட் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. இயல்பான கேட்புமானி முடிவுகளைக் கொண்ட 150 குழந்தைகளின் ஏற்கெனவே பதிவான மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு, நூல்களிலும் வழிகாட்டுதல்களிலும் காணப்படும் ஒன்பது வரையறைகளை ஒவ்வொன்றாக அவற்றின்மீது அவர்கள் பொருத்திப் பார்த்தனர். மிகக் கடுமையான வரையறையின்படி 7.3 விழுக்காட்டினருக்கும், மிகத் தளர்வான வரையறையின்படி 96 விழுக்காட்டினருக்கும் குறைபாடு இருந்தது. குழந்தைகளும் மாறவில்லை, மதிப்பெண்களும் மாறவில்லை. மாறியது வரையறை மட்டுமே. இப்பெயரைப் பொதுப்பட வழங்குவதைக் கைவிட வேண்டும் என்றும், வழங்கினால் எந்த வரையறையின்படி என்று குறிப்பிட வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் முடிவாகக் கூறினர்.

கேட்பா, கவனமா?

வரையறையைக் காட்டிலும் ஆழமான ஐயம் வேறொன்று. சோதனையில் தவறிய குழந்தை ஒலியைப் பிரித்தறியத் தவறியதா, அல்லது சோதனை முழுவதும் கவனத்தை நிலைநிறுத்தத் தவறியதா? இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த, மருத்துவ ஆய்வு மன்றத்தின் கேட்பாய்வு நிறுவனத்தில் டேவிட் மூரும் அவருடைய குழுவினரும், 6 முதல் 11 வயது வரையுள்ள 1,469 குழந்தைகளை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். தனித்தனி மதிப்பெண்களை மட்டும் நம்பாமல், ஏறத்தாழ ஒரே அளவு கவனத்தைக் கோரும் இரு சோதனைகளின் முடிவுகளைக் கழித்து, எஞ்சும் வேறுபாட்டை ஒலியுணர்வின் அளவாகக் கொண்டது அவர்களின் முறை. கவனக்குறைவு இரு சோதனைகளையும் ஒரே விதமாகத் தாழ்த்தும் என்பதால், கழித்தலில் அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அவ்வாறு பெற்ற தூய ஒலியுணர்வு அளவுக்கும், பெற்றோர் எடுத்துரைத்த கேட்பு இடர்ப்பாடுகளுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. கவனம், அறிவாற்றல் ஆகியவற்றோடு இருந்த தொடர்பே மேலோங்கியது.

டென்னிஸ் மக்ஃபார்லண்ட், ஆண்டனி ககாசே ஆகியோர் 1990களிலிருந்து வலியுறுத்திவரும் கோரிக்கையும் இதே திசையில் அமைந்தது. கேட்பதற்கே உரிய குறையென்றால், அதே வகைப் பணியைக் கண்ணால் செய்யும்போது குழந்தை இயல்பாகச் செய்ய வேண்டும். இரண்டிலும் தவறினால் அது கேட்புக்கு உரிய குறையாகாது என்பது அவர்கள் வாதம். இதற்கு மறுப்பும் உண்டு. மூளையில் கேட்புப்பாதை, கவனம், மொழி ஆகியவை தனித்தனி அறைகளில் அடைபட்டவை இல்லை என்பதும், கேட்பை மட்டுமே தாக்கும் குறையை எதிர்பார்ப்பது நரம்பியலுக்குப் பொருந்தாது என்பதும் எதிர்த்தரப்பின் நிலை. இம்மறுப்பில் நியாயம் உள்ளது. ஆயினும், ஆசிரியரின் குரலை நேரே காதுக்குக் கொண்டுசேர்க்கும் ஒலிவாங்கிக் கருவியையும் செவிப்பயிற்சியையும் பரிந்துரைப்பதற்கு முன், கவனக்குறைவுக்கு உரிய உதவி பெற வேண்டிய குழந்தையா என்று பார்ப்பது தவிர்க்க முடியாத கடமை. நோய்ப்பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும்.

ஒப்பீடு தந்த தெளிவு

உடன்பாடற்ற இத்துறையில், தெளிவான ஒரு கிளை ஆஸ்திரேலியாவில் உருவாகியுள்ளது. சிட்னியில் உள்ள தேசிய ஒலியியல் ஆய்வகங்களைச் சேர்ந்த ஷரன் கேமரன், ஹார்வி டில்லன் ஆகியோர் வகுத்த சோதனையில், முன்பக்கத்திலிருந்து பேசும் குரலின் வாக்கியங்களைக் குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். கவனத்தைச் சிதறடிக்கும் குரல்கள் ஒருமுறை அதே திசையிலிருந்தும், மற்றொருமுறை இடவலப் பக்கங்களிலிருந்தும் வருவதுபோல் ஹெட்ஃபோன்களில் ஒலிக்கச் செய்யப்படும். இரு நிலைகளிலும் வாக்கியங்களின் கடினம், மொழி, கவனத்தின் தேவை ஆகியவை ஒன்றே. வேறுபடுவது குரல்கள் பிரிந்து ஒலிக்கும் திசை மட்டுமே. திசை பிரிந்ததால் கிடைக்க வேண்டிய நன்மை ஒரு குழந்தைக்கு மட்டும் கிடைக்கவில்லையென்றால், இடவேறுபாட்டைப் பயன்படுத்தி இரைச்சலை ஒதுக்கும் திறன் அதற்குக் குறைவு என்று உறுதியாகச் சொல்லலாம். இக்குறை இளம்பருவத்தில் நடுச்செவி நோயால் நெடுநாள் அவதிப்பட்ட குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுவதும், இதற்கென்றே அமைந்த கணினிப் பயிற்சி சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் நற்பயன் தந்திருப்பதும் குறிப்பிடத்தக்கவை. காரணம், சோதனை, சிகிச்சை ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமையும் வகைப்பாடு இத்துறையில் அரிது.

கிமுராவின் இருகாது வேறுபாடு, முணுமுணுத்தலுக்கும் சொல்லுதலுக்கும் இடையிலான வேறுபாடு, மூரின் கழித்தல் முறை, காதுக்கும் கண்ணுக்குமான ஒப்பீடு, சிட்னியின் திசை வேறுபாடு ஆகிய அனைத்திலும் ஒரே தருக்கம் இயங்குகிறது. குழந்தை தனக்குத்தானே ஒப்புக்குழுவாகிறது. மற்றவர்களின் சராசரிக்குக் கீழே நிற்கிறது என்பது ஐயத்தை எழுப்ப மட்டுமே போதும். தனக்குள்ளேயே ஒரு திறன் இருந்து மற்றொன்று இல்லாதிருப்பதே நோயறிதலுக்குச் சான்றாகும்.

தமிழ்க் குழந்தையின் காது

இத்தருக்கம் தமிழ்நாட்டுக்கு மிகவும் தேவைப்படுவது. ஆங்கிலச் சொற்களால் அமைந்த சோதனை, வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்து ஆங்கில வழியில் பயிலும் குழந்தைக்கு நடத்தப்பட்டால், அளக்கப்படுவது கேட்பா, மொழியறிவா என்பது விளங்காது. அதோடு, மொழிகள் காதிடம் கோருவனவும் வேறுபடுகின்றன. ஆங்கிலத்தில் சொல்முதலில் வரும் ஒலிப்பிலா மெய்க்கும் ஒலிப்புடை மெய்க்கும் இடையிலான வேறுபாடு பொருளை மாற்றும். தமிழின் சொந்தச் சொற்களில் அவ்வேறுபாடு பெரும்பாலும் இடத்தைப் பொறுத்துத் தானே அமைவது. மாறாக, படம், பாடம், பட்டம் என்னும் மூன்றையும் பிரித்தறியக் குறில்-நெடில் நீளத்தையும் ஒற்றின் இரட்டிப்பையும், அதாவது ஒலியின் கால அளவை, தமிழ்க் காது நுட்பமாக உணர வேண்டியுள்ளது. எனவே, தமிழ்ச் சோதனை என்பது ஆங்கிலப் பட்டியலின் மொழிபெயர்ப்பாக அமையக் கூடாது; தமிழின் ஒலியமைப்பிலிருந்தே உருவாகி, தமிழ்க் குழந்தைகளின் வயதுவாரியான சராசரிகளைக் கொண்டிருக்க வேண்டும். இடைவெளி கண்டறிதல் போன்ற சொல்லற்ற சோதனைகளை முதற்கட்டத்தில் பயன்படுத்துவதும் மொழித்தடையைக் குறைக்கும்.

நாட்டில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பு நிறுவனத்தில் ஆஷா யதிராஜ் தலைமையில், வகுப்பாசிரியர் நிரப்பத்தக்க வினாப்பட்டியலும், பள்ளிகளில் விரைந்து நடத்தத்தக்க முதற்கட்டச் சோதனையும் உருவாக்கப்பட்டுள்ளன. சட்டத்திலும் ஒரு வாயில் திறந்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரு காதுகளிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பையே கேட்புக் குறைபாடாகக் கருதுவதால், ஆடியோகிராம் இயல்பாக உள்ள குழந்தை அப்பிரிவில் இடம்பெற வழியில்லை. ஆனால், அதே சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை வரையறுக்கும்போது, பேச்சுமொழியைக் கையாள்வதில் உள்ள குறையையும் புலனுணர்வுக் குறைபாடுகளையும் அதனுள் அடக்குகிறது. எந்தத் திறன் குறைவு என்று தெளிவாகச் சொல்லும் அறிக்கை இருந்தால், இவ்வரையறையின்கீழ்த் தேர்வுச் சலுகை கோருவதற்கு அது வலுவான ஆதாரமாகும். வெறும் நோய்ப்பெயர் அத்தகைய ஆதாரமாகாது.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு சோதனை அறிக்கையும் எந்த வரையறை பின்பற்றப்பட்டது, எந்தச் சோதனைகளில் எந்தக் காதில் எவ்வளவு மதிப்பெண், எந்த ஒப்பீட்டின் அடிப்படையில் முடிவு எட்டப்பட்டது என்பவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கேட்பியல் வல்லுநர் தனித்து முடிவு கூறாமல், கவனக்குறைவு, மொழிவளர்ச்சி, அறிவாற்றல் ஆகியவற்றை ஆராயும் உளவியலாளரும் பேச்சு-மொழி வல்லுநரும் பங்கேற்ற பிறகே நோயறிதல் நிறைவுபெற வேண்டும். தமிழ்ச் சோதனைகளுக்கான வயதுவாரிச் சராசரிகளைப் பல மாவட்டப் பள்ளிகளிலிருந்து திரட்டும் பணியை மருத்துவப் பல்கலைக்கழகங்களும் கல்வித்துறையும் இணைந்து மேற்கொள்ள வேண்டும்.

பெயர் முடிவாகும்வரை உதவி காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலையும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 வினாடியையும் மீறக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. சாலையோரக் கட்டடங்களில், வெறுஞ்சுவர்களுக்கிடையே நெருங்கி அமர்ந்திருக்கும் வகுப்புகளில் இந்த அளவை எட்டுவது கடினமே என்றாலும், குழந்தையை ஆசிரியருக்கு அருகில் அமர்த்துவதும், கட்டளைகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் சொல்லிக் கரும்பலகையிலும் எழுதிக்காட்டுவதும், ஒலியை உறிஞ்சும் பலகைகளைச் சுவரில் பொருத்துவதும் பெருஞ்செலவு பிடிக்காத செயல்கள். கேட்புக் குறையோ, கவனக் குறையோ, இரண்டாம் மொழியில் பயிலும் சுமையோ, எது காரணமாயினும் இவை எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்தருபவை. குழந்தையைத் தனியே பிரித்து நோய்ப்பெயர் சூட்டும் முடிவுக்கு மட்டும் கடுமையான சான்று தேவை; நன்றாகக் கேட்கும்படி வகுப்பறையைத் திருத்துவதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.